ஓட்டுவதற்கு முன் பிரித்துப் பார்த்தவர்

என் சித்தப்பாவின் காருக்குப் பத்து வயதாகப் போகிறது. சிராங்கூன் சாலை நெரிசலில் அது சாதுவாக நகரும். தீவு விரைவுச்சாலையில் ஏறி, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும்தான் சேட்டையைத் தொடங்கும். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று அலையும். சித்தப்பா ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்டுவார்.

முதலில் போன பட்டறையில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் ‘வீல் அலைன்மெண்ட்’ செய்தார்கள். பணம் போனது, அலைச்சல் போகவில்லை. அடுத்த பட்டறையில் இருந்த முதிய மெக்கானிக் எதையும் உடனே மாற்றவில்லை. காற்றழுத்தத்தைப் பார்த்தார். டயர்களைத் தடவிப் பார்த்தார். காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை தேய்ந்து, ‘டக் டக்’ என்று ஆடியது. கோளாறு அங்கேதான் இருந்தது.

அவருடைய கைகளைப் பார்த்தபோது, தமிழ் வகுப்பில் ஒருமுறை கேள்விப்பட்ட ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: ஜி.டி. நாயுடு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றது. இளைஞராக இருந்தபோது, ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி எப்படித் தானாக ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அந்த வண்டியை வாங்கியே தீர்வது என்று கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் அதே மோட்டார்சைக்கிளை வாங்கினார். நம்மில் பலர் அப்படி ஒரு வண்டி கிடைத்தால் முதலில் ஊரைச் சுற்றி வருவோம். அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் பாடம் அப்படித்தான் தொடங்கியது.

அதன்பின் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பணம் சேர்ந்தது. பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்கு, கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். அவருடைய உதவியுடன் ஒரு பேருந்தை வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட்டவுடன் ஓடிவர அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? வண்டியை அறிந்தவர்தான் அதை வைத்துப் பிழைக்க முடியும். அந்த ஒற்றைப் பேருந்து ‘யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் அதனிடம் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் இருந்தன.

பேருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. சிறிய மின்மோட்டாரில் இயங்கும் சவரக் கருவியை உருவாக்கினார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவில் முதன்முதலாக மின்மோட்டார் தயாரித்தார். பம்புசெட் நகரம் என்று கோயம்புத்தூர் பெயர் வாங்கியதற்கு அது ஒரு தொடக்கம். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் பயணம் செய்யக்கூடிய பெட்ரோல் காரைச் செய்துகாட்டினார். அரசு உரிமம் கிடைக்காததால் அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை.

கல்வியில் அவர் எடுத்த நிலைப்பாடு மாணவர்களான நம்மை நேராகத் தொடுகிறது. 1945இல் அவர் கொடுத்த நன்கொடையின் துணையோடு கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றியது. அதை வழிநடத்தும் பொறுப்பையும் அவர் ஏற்றார். நான்காண்டுப் படிப்பு தேவையில்லை, பயிற்சியோடு சேர்த்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவர் பதவியிலிருந்து விலகினார். அந்த நிலையம் பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பைப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. அவர் சொன்னது சரியா?

சித்தப்பாவின் காரையே எடுத்துக்கொள்வோம். விரைவுச்சாலையில் மட்டும் அது ஏன் அலைந்தது? மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். செல்லும் திசை ஒரே ஒரு பாகை விலகினாலும், ஒரு நொடியில் கார் ஏறக்குறைய 44 செண்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் அதே விலகல் 10 செண்டிமீட்டர்கூட இல்லை. தேய்ந்த மூட்டு இரண்டு வேகத்திலும் ஆடத்தான் செய்கிறது. மெதுவாகப் போகும்போது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கு உயர்நிலைப் பள்ளியின் முக்கோணவியல் பாடத்தில் இருக்கிறது. கை மட்டும் இதைச் சொல்லித் தராது.

ஆனால் எந்த மூட்டு ஆடுகிறது என்று பாடப்புத்தகமும் சொல்லாது. முதல் பட்டறையில் கணினி காட்டிய கோணங்களில் தவறில்லை. மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது கோணத்தை எவ்வளவு துல்லியமாக அமைத்தாலும், கார் ஓடத் தொடங்கியதும் அது மாறிவிடும். அதனால்தான் காற்றழுத்தம், டயர், மூட்டுகள், கடைசியில் கோணம் என்ற வரிசை முக்கியம். புதிய முனை பொருத்திய பிறகு மெக்கானிக் செய்ததும் அதே வீல் அலைன்மெண்ட்தான். இம்முறை கார் நேராக ஓடியது.

படிப்பின் கால அளவில் நாயுடு சொன்னதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது: எத்தனை ஆண்டு படித்தாலும், எதையாவது பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டியிருக்கிறோமா? நல்ல மதிப்பெண் கிடைத்தால் தொடக்கக்கல்லூரி, கைவேலை பிடித்தால் தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்று பிரித்துப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சித்தப்பாவின் காருக்கு இரண்டும் தேவைப்பட்டன.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயர் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் 2025இல் திறக்கப்பட்ட சுமார் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதன்மேல் விரையும் எந்தக் காராவது நேராகப் போகாமல் அலைந்தால், அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்திருக்கும்.