ஹைதராபாத் கால்பந்தின் 'ரஹீம் சாஹிப்': பள்ளி ஆசிரியர் உருவாக்கிய பொற்காலம்

ஹைதராபாத்: கால்பந்தைப் பற்றி ஹைதராபாத் நகரின் மூத்த ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால், உரையாடல் எங்கே தொடங்கினாலும் 1950களில் போய் நின்றுவிடும். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பெயர் முதலில் வரும். அடுத்து, அந்த அணியை நாடறியச் செய்த சையத் அப்துல் ரஹீமின் பெயர் வரும். வெறும் பெயராக அல்ல, 'ரஹீம் சாஹிப்' என்ற மரியாதையோடு. அவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவருடைய அணி ஆடுவதை நேரில் பார்த்தவர்கள் இன்று வெகு சிலரே. ஆயினும் தந்தை சொல்லக் கேட்டவர்களும் தாத்தா சொல்லக் கேட்டவர்களும் அந்த ஆட்டங்களைத் தாங்களே பார்த்தது போல விவரிக்கும் வழக்கம் நகரில் நீடிக்கிறது.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே பல்கலைக்கழக அணிக்காகவும் ஆடினார். படிப்பு முடிந்ததும் அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் தொழில். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட நகரப் பள்ளிகளில் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். வீரராக அவர் பெரும்புகழ் ஈட்டியவர் அல்லர். அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது. ஒருவர் பந்தைத் தொடும் விதத்தைச் சிறிது நேரம் கவனித்தாலே, அவர் எந்த இடத்தில் ஆட வேண்டும், எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கணித்துவிடுவார். வகுப்பறையில் பெற்ற பழக்கம் மைதானத்திலும் கைகொடுத்தது என்றே கொள்ள வேண்டும்.

1940களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அதன்பின் அவர் நடத்திய உள்ளூர்ப் போட்டிகளின் விதிகள் கேட்பவர்களுக்கு வியப்பளிக்கும். பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே அடுத்தவருக்குக் கடத்திவிட வேண்டும் என்பது ஒரு போட்டியின் விதி. வலிமை குறைந்த காலால் மட்டுமே பந்தை அடிக்க வேண்டும் என்பது இன்னொரு போட்டியின் விதி. குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்டவர்கள் சேரக் கூடாத போட்டிகளும் இருந்தன. சிறுவர்களுக்கு இவையெல்லாம் வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதன் பலன், இரு கால்களாலும் சரளமாக ஆடக்கூடிய, பந்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்தளிக்கும் ஒரு தலைமுறையே நகரத்தில் உருவாயிற்று. தனி ஒருவரின் சாகசத்தையே கால்பந்து என்று ரசிகர்கள் கைதட்டிக் கொண்டாடிய காலம் அது. அந்த ரசனைக்கு எதிராகச் செல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

1950இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்ற ரஹீம், இறுதிவரை அதிலிருந்து விலகவில்லை. காவலர் சம்பளத்தில் பணியாற்றிய வீரர்களைக் கொண்ட அணி அது. நூர் முகமது, அஜீசுதீன், மொய்ன், லாயிக், ஜமால், அந்தோணி பேட்ரிக் போன்ற பெயர்களை இன்றும் நகரத்து முதியவர்கள் மூச்சுவிடாமல் அடுக்குவதுண்டு. இரண்டாம் உலகப் போரால் தடைபட்ட டியூரண்ட் கோப்பைப் போட்டி, சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாக 1950இல் டெல்லியில் நடைபெற்றது. இறுதிப் போட்டியில் எதிரணி, கொல்கத்தாவின் மோகன் பகான். முதல் ஆட்டம் சமனில் முடிய, மறு ஆட்டத்தில் 1-0 என்ற கணக்கில் ஹைதராபாத் வென்றது. கால்பந்து என்றாலே கொல்கத்தா என்றிருந்த எண்ணத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி அது.

அதே ஆண்டு மும்பையில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையும் அவர்கள் வசமாயிற்று. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத்துக்கே சென்றது. 1954இல் டியூரண்ட் கோப்பையும் சேர்ந்துகொண்டது. 1957இல் மீண்டும் இரு கோப்பைகளும் வந்தன. ஹைதராபாத் ரசிகர் ஒருவர் பழைய பெருமை பேசத் தொடங்கினால் இந்த ஐந்து ஆண்டுக் கணக்கைச் சொல்லாமல் முடிப்பதில்லை. ரோவர்ஸ் கோப்பைப் போட்டியே இப்போது நடைபெறுவதில்லை என்பதால் அந்தக் கணக்கை முறியடிக்கவும் இனி ஆளில்லை.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் இடமுண்டு. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். உள்ளூர் மைதானத்தில் அவர் ஆடுவதைக் கண்ட ரஹீம், நகரத்துக்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். தினமும் அவ்வளவு தூரம் வந்து செல்லப் பணமில்லை என்று இளைஞர் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்கென நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தருவதற்கு ரஹீம் ஏற்பாடு செய்தார். பின்னாளில் இந்திய முன்கள வரிசையின் மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்பட்ட பலராம், அந்த ஒரு ரூபாயைத் தம் முதுமையிலும் மறக்காமல் நினைவுகூர்ந்து வந்தார். 2023இல் அவர் காலமானார். ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ரஹீமின் இந்திய அணியில் இடம்பெற்றவரே.

சிட்டி போலீஸ் அணியைக் கவனித்துக்கொண்டே தேசிய அணியையும் ரஹீம் வழிநடத்தினார். 1951இல் டெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற படுதோல்வி. குளிரில் வெறுங்காலுடன் ஆடிய வீரர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. காலணி அணிந்து ஆடுவது அதன் பிறகே கட்டாயமாக்கப்பட்டது. அந்தத் தோல்வியை நினைவு வைத்திருப்போர் குறைவு. பொற்காலத்தைப் பற்றிப் பேசுவோர் இதைத் தாண்டிச் சென்றுவிடுவது இயல்புதான். ஆனால் ரஹீம் தாண்டிச் செல்லவில்லை என்பதை அடுத்த நான்கு ஆண்டுகள் காட்டின.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என வீழ்த்தியது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதல் கோலை அடித்தது. இறுதியில் 4-1 எனத் தோற்றாலும், நான்காம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை எட்டிய உச்சம் அதுவே. உலகக் கோப்பையில் பிரேசில் 4-2-4 வியூகத்தை 1958இல் பிரபலப்படுத்துவதற்கு முன்பே ரஹீம் அதையொத்த அமைப்பைச் சோதித்துப் பார்த்தார் என்று அவரிடம் பயின்றவர்கள் சொல்லிவந்தனர். பழைய நினைவுகள் எதையும் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஐரோப்பிய அணிகளின் ஆட்டத்தை அவர் கூர்ந்து கற்றார் என்பதில் ஐயமில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே இந்தியா தோற்றது, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்தது, பெருவிடம் 3-1 எனத் தோற்றது. அந்த அணியில் ரஹீமின் மகன் எஸ்.ஏ. ஹக்கீமும் இருந்தார். மூன்று ஆட்டங்களிலும் அவர் களமிறக்கப்படவில்லை. ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா அதன் பிறகு இன்றுவரை தகுதி பெறவில்லை.

1962ஆம் ஆண்டுதான் ரஹீமின் வாழ்க்கையில் அனைவரும் அறிந்த அத்தியாயம். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியைத் தயார்செய்தபோது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். புகைப்பழக்கம் உடைய அவரைப் புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு முன்னேறியபோது, தையல் போட்ட தலையோடு ஜர்னைலை எங்கே ஆட வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தடுப்பாட்டத்தில் நிறுத்த வேண்டியவரை ரஹீம் முன்களத்துக்கு அனுப்பினார். தென்வியட்நாமுக்கு எதிராக 3-2 என வென்ற அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று இறுதிப் போட்டி. எதிரணி மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியிலிருந்து விலக்கிய இந்தோனேசியாவின் முடிவை இந்திய விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி கண்டித்திருந்ததால், ஜகார்த்தாவில் இந்தியர்கள் மீது கடும் கோபம் நிலவியது. இந்தியத் தூதரகம் எதிரே ஆர்ப்பாட்டம் நடந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த செனாயன் மைதானத்தில் இந்திய வீரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜைக் கோலில் நிறுத்தும் முடிவையும் ரஹீம் எடுத்தார். 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1. சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா தங்கம் வென்றது. ஆடிய பதினொருவரில் பலராமும் ஹைதராபாத்தின் யூசுப் கானும் இருந்தனர்.

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீமின் உடல்நிலை வேகமாகச் சரிந்தது. 1963 ஜூன் 11 அன்று, தமது 53ஆவது வயதில், அவர் காலமானார்.

ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி அதன் பிறகு தங்கம் வென்றதில்லை. ஹைதராபாத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. அந்நகரம் உருவாக்கிய வீரர்களைக் கொல்கத்தா அணிகள் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. பலராம் 1957இலேயே ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றிருந்தார். பின்னர் நயீமுதீன், ஹபீப், அக்பர் எனப் பலரும் அதே வழியில் சென்றனர். அங்கே பணமும் லட்சக்கணக்கான ரசிகர்களும் இருந்தபோது அவர்களைக் குறைசொல்ல இயலாது. ஒரு காலத்தில் கால்பந்துக் கூட்டத்தால் நிரம்பிய பதே மைதானம் லால் பகதூர் விளையாட்டரங்கமாக மாறி, மெல்ல கிரிக்கெட்டின் இருப்பிடமாயிற்று. 2022 மார்ச்சில் ஹைதராபாத் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸை வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றபோது இளைஞர்கள் கொண்டாடினர். மூத்தவர்களோ அதையும் 1950களோடு ஒப்பிடாமல் விடவில்லை.

ரஹீமின் வாழ்க்கையைத் தழுவி அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளியானது. ஜகார்த்தா வெற்றியையே அது உச்சமாகக் கொண்டிருந்தது. நாடு முழுவதற்குமான படத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் ஹைதராபாத் ரசிகர்களின் நினைவில் அவர் முதலில் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர், அதன் பிறகே இந்தியாவின் பயிற்சியாளர். மாநில மறுசீரமைப்புக்குப் பின் அந்த அணி ஆந்திரப் பிரதேச போலீஸ் எனப் பெயர் மாறியிருந்தது. ரஹீம் மறைந்த 1963ஆம் ஆண்டுக்கான ரோவர்ஸ் கோப்பையையும் அந்த அணியே வென்றது.