கிரனடாவின் கடைசி ஸுல்தான்

ராஜ்யத்தை இழந்த அரசர்களில் போப்திலைப்போல் பரிகசிக்கப்பட்டவர் வேறொருவர் இலர். ஸ்பெயின் தேசத்தில் முஸ்லிம் ஆட்சியின் கடைசி ஸுல்தானாகிய பன்னிரண்டாம் முஹம்மதையே ஸ்பானியர் போப்தில் என்றழைப்பர். அழுதுகொண்டே நாட்டைக் கொடுத்த கோழை என்று ஐந்து நூற்றாண்டுகளாக அவரை உலகம் தூற்றி வருகிறது. இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை அவருடைய சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

711-ம் வருஷத்தில் ஆப்பிரிக்காவினின்று கடல் கடந்து வந்த முஸ்லிம்கள் ஸ்பெயினின் பெரும் பகுதியை வென்று ஆண்டனர். 1236-ல் கார்டோவாவும், 1248-ல் ஸெவில் நகரும் கிறிஸ்தவ அரசர் வசமாயின. தெற்கே மலைகளின் நடுவிலுள்ள கிரனடா ராஜ்யம் மாத்திரம், காஸ்டில் அரசருக்குக் கப்பம் கட்டியும், சமயம் வாய்த்தபோது மறுத்தும், இரண்டரை நூற்றாண்டு காலம் பிழைத்திருந்தது. 1469-ல் காஸ்டில் இளவரசி இஸபெல்லாவும் அரகான் இளவரசர் பெர்டினண்டும் மணம் புரிந்தனர். அங்கே இரண்டு ராஜ்யங்கள் ஒன்றுபட்டன. இங்கே ஓர் அரச குடும்பம் இரண்டுபட்டது.

1482-ம் வருஷ ஆரம்பத்தில் அல்ஹாமா என்னும் ஊர் எதிரிகள் வசமாயிற்று. அந்த ஆபத்து வேளையிலேயே போப்தில், தம் தாயாரின் கட்சியார் துணையுடன், தந்தை அபுல் ஹஸனைத் தலைநகரினின்று விரட்டிவிட்டு அரியணை ஏறினார். மறு வருஷம் லூஸேனாவுக்கருகில் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். சிறையில் வைத்திருப்பதினும் விடுவிப்பதே தமக்கு லாபமென்று பெர்டினண்டு கண்டுகொண்டார். கப்பம் கட்டிக் கீழ்ப்படிந்து நடப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்கி, மகனைப் பிணையாக நிறுத்திக்கொண்டு, அவரைத் திருப்பி அனுப்பினார். தந்தையும் மைந்தனும், பின்னர் தந்தையின் சகோதரர் அல்-ஸகலும் மைந்தனும், எதிரி எல்லைக்குள் நிற்கையில் தம்முள் பொருதனர். 1487-ல் அல்-ஸகல் முற்றுகையிடப்பட்டிருந்த வெலெஸ் மாலகாவுக்கு உதவச் சென்றிருந்தார். அந்தச் சமயம் பார்த்துப் போப்தில் கிரனடா முழுவதையும் தம் வசமாக்கிக்கொண்டார். அவ்வருஷமே மாலகா துறைமுகம் நீண்ட முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. அந்நகர மக்களில் பெரும்பாலார் அடிமைகளாக்கப்பட்டனர்.

1489-ன் இறுதியில் அல்-ஸகலும் பணிந்தார். இனி கிரனடாவையே ஒப்படைக்கவேண்டுமென்ற ஓலை போப்திலுக்கு வந்தது. அவர் மறுத்துப் போர் தொடுத்தார். ஆயினும், துணைக்கு வரக்கூடியவர்களையெல்லாம் முன்னமே அழியவிட்டவருக்கு அப்பொழுது யார் துணை வருவர்? 1491-ல் எதிரிகள் நகரை வளைத்தனர். தம் கூடாரங்கள் தீயில் எரிந்துபோகவே, ஸான்டா பே என்ற புதிய ஊரையே நிர்மாணித்து உறுதியாகத் தங்கினர். நகரத்துள் பசி மிகுந்தது. நவம்பர் 25-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. உயிர், உடைமை, மதம், மசூதி ஆகியவற்றுக்குப் பங்கமில்லை. முஸ்லிம்களின் வழக்குகளை அவர்கள் காஜிகளே தீர்ப்பர் என்று அதில் எழுதப்பட்டது. 1492 ஜனவரி 2-ல் அல்ஹம்ப்ரா அரண்மனை கைமாறிற்று.

மலைக்கணவாயில் அவர் திரும்பிப் பார்த்து அழுததும், தாயார் இடித்துரைத்ததும் பிற்காலத்தார் கட்டிய கதை. தமக்கு விடப்பட்ட அல்புஹாரா மலைநாட்டில் சிறிது காலம் வாழ்ந்து, மனைவியையும் இழந்து, 1493-ல் கடல் கடந்து மொராக்கோ சேர்ந்தார்.

உடன்படிக்கை பத்து வருஷமும் நிலைக்கவில்லை. 1499-ல் கார்டினல் ஸிஸ்னெரோஸ் பலாத்கார மதமாற்றத்தைத் தொடங்கினார். ஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர், அக்கிளர்ச்சியையே காரணங் காட்டி உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1502-ல் காஸ்டில் ராஜ்யத்து முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவேண்டும், அல்லது வெளியேறவேண்டும் என்று ஆணை பிறந்தது. மதம் மாறியவர்களின் சந்ததியாரும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர்.

1492-ல் நகரத்தை ஒப்புவித்ததற்காகப் போப்திலைப் பழிப்பது தகாது. மாலகாவின் கதி தம் பிரஜைகளுக்கு நேராதபடி அவர் அன்று தடுத்தார். அவருடைய குற்றம் பத்து வருஷங்களுக்கு முந்தியது. வீட்டுச் சண்டைக்கு அயலான் பலத்தை நாடிய அன்றே கிரனடாவின் சாவி கைமாறிவிட்டது. காத்துக்கொள்ளும் வலிமையை இழந்த பிறகு பெற்ற வாக்குறுதி, கொடுத்தவனுடைய சௌகரியம் உள்ளவரையில்தான் செல்லும். சுதந்திரத்தை நேசிப்போர் போப்திலின் கண்ணீரை மறந்தாலும், அவர் லூஸேனாவுக்குப் பின் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை மறத்தலாகாது.