சனத்தை எண்ணிய அருணாசலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை எங்கட ஆக்கள் அரசியல் தலைவராகத்தான் அறிவினம். 1901ஆம் ஆண்டு இலங்கைக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவர்தான். 1853இல் கொழும்பில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, சிவில் சேவையில் சேர்ந்தவர்.

நான் தொழிற்சாலையில் எண்ணுவது பெட்டி. அது வைத்த இடத்திலேயே இருக்கும். சனம் அப்படியே? இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வருவோரும் திரும்பிப் போவோருமாக நாடே அசைந்துகொண்டிருந்த காலம். ஒருவரை இருமுறை பதியவும் கூடாது, விடவும் கூடாது. கணக்கு 35 இலட்சத்தைத் தாண்டியது. அதோடு விடாமல், நாட்டின் வரலாறு, சமயங்களையும் அறிக்கையில் எழுதி வைத்தார்.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். தமிழருக்கான சட்டசபை ஆசனப் பிரச்சினையில் 1921இல் விலகி, 1924இல் மதுரையில் காலமானார்.

1981க்குப் பிறகு வடக்கு கிழக்கை முழுதாக எண்ணியது 2012இல்தான். அதற்குள் எங்களில் எத்தனையோ பேர் வெளிக்கிட்டிட்டம்.