பந்தா, பட்டமா? டாக்டர் ஆவோ எடுத்த முடிவு

காலேஜ் டீமில் ஆடுகிறவன் பரீட்சையில் கோட்டை விடுவான் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஹாஸ்டலில் இதைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் ஒரு மருத்துவ மாணவர், படிப்பை முடிக்கும் முன்பே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கேப்டன் ஆனார். அவர்தான் தாலிமெரன் ஆவோ.

நாகா மலையில் உள்ள சாங்கி கிராமத்தில் 1918 ஜனவரி 28-ல் பிறந்தவர். தந்தை பாதிரியார். மகன் டாக்டராகி நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1935-ல் டைபாய்டு ஜுரம் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆசை மட்டும் மகனோடு தங்கிவிட்டது.

கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே மோகன் பகான் கிளப் கூப்பிட்டுக்கொண்டது. இடம் ஹாஃப் பேக். எதிரியின் பந்தைப் பறித்து முன்னால் இருப்பவருக்குக் கொடுக்கிற வேலை. கோல் போட்டவருக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது.

1948 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா. தேசியக் கொடியை ஏந்தி இந்திய அணியின் முன்னால் நடந்தவர் ஆவோ. ஜூலை 31-ல் இல்ஃபோர்டு மைதானத்தில் ஆட்டம். எதிரி யார் தெரியுமா? பிரான்ஸ்! அன்றைக்கு நம் கோட்டுச்சேரி, காரைக்கால் எல்லாம் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன. 1954 நவம்பர் 1 வரை அப்படித்தான். அந்தச் சனிக்கிழமை நம் பெரியவர்கள் யார் பக்கம் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் கிடையாது. பிரான்ஸ் முதல் கோல் போட, 70-வது நிமிஷம் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 89-வது நிமிஷம் பிரான்ஸ் இன்னொன்று போட்டு, 2-1 என்று ஜெயித்துவிட்டது. தோல்விதான். இருந்தாலும் சபாஷ் போட வேண்டிய தோல்வி.

ஆர்சனல் கிளப் அவரை அழைத்தது என்றொரு பேச்சு இன்றுவரை உலவுகிறது. அது எப்படியோ, அவர் ஊர் திரும்பி விட்ட பாடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது நிச்சயம். கல்லூரியின் பெயரே அதற்குள் ஆர்.ஜி.கர் என்று மாறியிருந்தது. 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். சேர்ந்து எட்டு வருஷம்! அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும். ஆனால் இதைக் காட்டி வீட்டில் தப்பிக்கப் பார்க்க வேண்டாம்; தம்பிகள் யாரும் ஒலிம்பிக் போகவில்லை.

கல்கத்தாவில் புகழோடு இருந்திருக்கலாம். 1953-ல் கோஹிமா ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். 1963-ல் நாகாலாந்து மாநிலம் உருவானபோது அதன் சுகாதாரத் துறை இயக்குநர் ஆனார். 1978-ல் ஓய்வு. 1998 செப்டம்பர் 13-ல் காலமானார். அவர் படம் போட்ட தபால் தலை 2018-ல் வெளிவந்தது.