எல்லையில் கைதான கவிஞர்

கடலூருக்கு அருகே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோவில் கொண்ட ஊர். முகூர்த்த நாள்களில் கலியாணக் கூட்டம் அலைமோதும்.

அந்தக் கோவிலைத் தெரிந்தவர்கள் பலர். பக்கத்துக் கடலூரில் மகாகவி பாரதியார் சிறை வைக்கப்பட்டதைத் தெரிந்தவர்கள் சிலரே.

அவர் ஆயுதம் எடுக்கவில்லை. பாட்டு எழுதினார், பத்திரிகை நடத்தினார். அதையே குற்றம் என்றது வெள்ளைக்கார அரசாங்கம்.

ஆளும் அரசாங்கத்தை எதிர்ப்பது சட்டப்படி சரியா? பாரதியாரின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

எட்டயபுரத்துப் பிள்ளை

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர். தாய் லட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். சிறு வயதிலேயே கவி பாடி, "பாரதி" என்ற பட்டம் பெற்றார்.

1904-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். "சுதேசமித்திரன்" பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு "இந்தியா" என்ற வாரப் பத்திரிகையில் எழுதினார். அவர் எழுத்தில் அனல் பறந்தது.

ராஜத் துரோகம்

அப்போது ராஜத் துரோகச் சட்டம் ஒன்று இருந்தது. 1870-ஆம் ஆண்டு வந்த சட்டம். அரசாங்கத்தின் மீது வெறுப்பை மூட்டும் பேச்சும் எழுத்தும் அதன்படி குற்றம்.

அந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று இந்திய மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் தண்டனை மட்டும் அவர்களுக்கு உண்டு!

1908-ஆம் ஆண்டு கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில்தான் அது குறைந்தது. அதே ஆண்டில் "இந்தியா" பத்திரிகை மீதும் வழக்கு வந்தது. பொறுப்பாளராகப் பெயர் பதிவாகியிருந்த சீனிவாசன் தண்டிக்கப்பட்டார். நண்பர்கள் வற்புறுத்தவே, பாரதியார் புதுச்சேரிக்குப் போனார்.

ஓர் எல்லை, இரண்டு சட்டம்

புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர் ஆண்டனர். சென்னையில் குற்றமான எழுத்து அங்கே குற்றமில்லை!

பிரெஞ்சுக் குடியரசே ஒரு புரட்சியில் பிறந்ததுதான். 1789-ஆம் ஆண்டு மக்கள் மன்னராட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். மன்னரின் சட்டப்படி அது குற்றம். அவர்கள் வென்றதும் அவர்கள் சொன்னதே சட்டமாயிற்று.

புதுச்சேரியிலிருந்தும் "இந்தியா" வெளிவந்தது. வெள்ளையர் தங்கள் பகுதியில் அதற்குத் தடை போட்டனர். 1910-ஆம் ஆண்டு பத்திரிகை நின்றது. வறுமையும் ஒற்றர் தொல்லையும் வாட்டின. ஆனாலும் "குயில் பாட்டு", "பாஞ்சாலி சபதம்" முதலிய நூல்கள் அங்கேதான் பிறந்தன.

கடலூர்ச் சிறை

பத்து ஆண்டுகள் சென்றன. 1918 நவம்பரில் உலகப் போர் முடிந்தது. சொந்த மண்ணைப் பார்க்கும் ஆசையில் பாரதியார் எல்லையைத் தாண்டினார். நவம்பர் 20-ந் தேதி போலீசார் அவரைக் கைது செய்து, கடலூர்ச் சிறையில் அடைத்தனர்.

கோர்ட்டு விசாரணை இல்லை. போர்க்கால அவசரச் சட்டமே போதுமானதாக இருந்தது.

சிறையிலிருந்து அவர் சென்னை கவர்னருக்கு மனு எழுதினார். அரசியலை விட்டு விலகிவிட்டதாக அதில் உறுதி கூறினார். புரட்சிக் கவி மனுப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பத்து ஆண்டு வறுமையையும், மனைவி செல்லம்மாவையும், இரண்டு பெண் குழந்தைகளையும் நினைத்துப் பார்த்தால் அந்த மனுவின் வேதனை புரியும்.

அவருடைய 36 வயது நிறைந்த நாளும் சிறையிலேயே கழிந்தது. டிசம்பர் 14-ந் தேதி விடுதலையானார். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. குறிப்பிட்ட ஊர்களில்தான் வசிக்கவேண்டும். எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிய பிறகே வெளியிடவேண்டும். மனைவியின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1920-ஆம் ஆண்டு தடைகள் நீங்கின. 1921 செப்டம்பரில், 38 வயதில் மறைந்தார்.

மாறிய தீர்ப்பு

அவர் மறைந்த பிறகும் அரசாங்கம் விடவில்லை. 1928-ஆம் ஆண்டு அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார்.

1947-ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டில், எந்தச் சென்னை அரசாங்கம் அந்தப் பாட்டுகளைப் பறித்ததோ, அதே சென்னையின் புதிய அரசாங்கம் அவற்றின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. பிறகு அவை மக்களின் பொதுச் சொத்தாயின. பாட்டு மாறவில்லை, சட்டம் போடுகிறவர்கள் மாறினார்கள்!

தன்னைக் கவிழ்ப்பது சரி என்று அரசாங்கங்கள் பொதுவாகச் சட்டம் எழுதுவதில்லை. தோற்றவர் குற்றவாளி; வென்றவர் புதுச் சட்டம் செய்பவர். ஆனால் நியாயம் எது என்பதை மக்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பாரதியார் காலத்தில் மக்களுக்கு ஆட்சியை மாற்றும் வழி இல்லை. இன்று ஓட்டுச் சீட்டு இருக்கிறது. அரசாங்கத்தைக் குறை கூறுவது மட்டும் ராஜத் துரோகம் ஆகாது, வன்முறையைத் தூண்டுவதே குற்றம் என்று 1962-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கடலூர்ச் சிறையில் கழிந்த அந்த 25 நாள்கள் வீண் போகவில்லை.