மா. கிருஷ்ணனின் ஒளிப்பட வாழ்வும் இரைகொல்லிப் பறவைகளின் தமிழ்ப்பெயர்ச் சிக்கலும்

முன்னுரை

சங்கப் பாடல்களைப் பயில்வோர் பருந்து, எழால், பாறு, எருவை, கழுகு, வல்லூறு எனப் பல பெயர்களை எதிர்கொள்கின்றனர். இவை அனைத்தும் வளைந்த அலகும் கூரிய உகிரும் உடைய பறவைகள் என்பது தெளிவு. எந்தப் பெயர் எந்தப் பறவைக்கு உரியது என்ற வினாவுக்கே விடை கிடைப்பதில்லை. உரைகாரர்களும் அகராதிகளும் பல இடங்களில் அதனைப் பறவையின் ஒரு வகை என்ற அளவில் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். இன்றைய இதழியல் தமிழிலோ இவை எல்லாம் ‘கழுகு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்பர். அக்காடுகளின் மேல் பனிக்காலத்தில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரை தேடுகின்றன. அவை வடபுலத்திலிருந்து வலசை வந்து, வேனில் தொடங்கும்போது திரும்பிச் செல்பவை. ஆண்டு முழுதும் ஊரில் திரியும் கரும்பருந்தையும் இந்த விருந்தினரையும் பொதுவழக்கு ஒரே சொல்லால்தான் சுட்டுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கச் சொல்லறிவு மட்டும் போதாது. பறவையைக் கண்ட கண்ணும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவர்களுள் முதன்மையானவர் மா. கிருஷ்ணன் (1912–1996). காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் என்று உலகம் அறிந்த அவரைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் கண்டுகொண்டதில்லை. அவரது வாழ்வை அவரது ஒளிப்பட முறையின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பமும் கல்வியும்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைசிப் பிள்ளை அவர். உப்பு, சுங்க இலாகாவில் பணியாற்றிய மாதவையா, ஓய்வுக்குப் பின் மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறி, அச்சகம் நிறுவி, ‘பஞ்சாமிர்தம்’ இதழை நடத்தினார். 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழ்ப் பாடத்துக்காக வாதாடிய கையோடு அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமிழுக்காகப் பேசிய நிலையில் தந்தை மறைந்த வீட்டில் வளர்ந்த மகன், தன் எழுத்தின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் எழுதினார் என்பது எளிதில் கடந்து செல்லத்தக்க முரண் அன்று. இதற்குப் பின்னர் வருவோம்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடுகளும் அவற்றில் நரியும் பறவைகளும் இருந்தன. சிறுவன் கிருஷ்ணன் கீரி வளர்த்தார். பள்ளிப் படிப்பை இந்து உயர்நிலைப் பள்ளியில் முடித்து 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் முதுகலையில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பி. எஃப். பைசன். நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அவர். அம்மலைகளுக்கு அவர் மேற்கொண்ட களப்பயணங்களில் கிருஷ்ணனும் உடன் சென்றார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஒரு செடியை வரைவதற்கு அதன் இலையடுக்கையும் காம்பின் கோணத்தையும் பிழையின்றிக் காண வேண்டும். பின்னாளில் கேமராவைக் கையில் எடுத்தபோது அவரிடம் இருந்தது தாவரவியல் ஓவியரின் இந்தப் பார்வைதான் என்று கருத இடமுண்டு. பின்னர்ச் சட்டமும் பயின்றார், அத்தொழிலில் ஊன்றவில்லை.

1937இல் இந்துமதியை மணந்தார். அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி எனச் சில இடங்களில் பணியாற்றிய பின் 1942இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சிற்றரசில் வேலைக்குச் சென்றார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். பாறைக்குன்றும் முட்புதரும் சூழ்ந்த அந்நிலம் அவருக்கு இரண்டாவது பல்கலைக்கழகமாயிற்று. 1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததும் சென்னை திரும்பினார். அதன்பின் எவரிடத்தும் நிலையான ஊதியப் பணி ஏற்கவில்லை. எழுத்தும் படமுமே பிழைப்பாயின. 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, இறக்கும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது.

கருவியும் அறமும்

கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கிய ஒன்றன்று. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியும் மற்றொன்றின் தொலைவில்லையும் வேறு துணைப்பொருள்களும் சேர்த்து அவரே பொருத்தியது. அதன் கனத்தைக் கேலி செய்யும் வகையில் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். காட்டுயிர் எழுத்தாளர் ஈ. பி. ஜீ தம் நூலில் இக்கருவியை வியந்து எழுதியபோது, அதன் பாகங்களைப் பிணைக்கச் செருப்புக் கயிறும் பயன்பட்டிருக்கக்கூடும் என்று நகையாடியுள்ளார். வண்ணப்படச் சுருள் பரவலான பின்னரும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. இருட்டறையில் படங்களைத் தாமே கழுவி அச்சிட்டார். முதுமலை போன்ற காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்தும் கால்நடையாகச் சென்றும் படமெடுத்தார். காட்டு விலங்கு தன் இடத்தில், தன் போக்கில், அச்சமின்றி இருக்கும் நிலையே பதிவாக வேண்டும் என்பது அவர் கொள்கை.

இம்முறையின் சிறப்பை யானை, காட்டெருது, புள்ளிமான் ஆகியவற்றின் படங்களில் காணலாம். அவர் புகழும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. இரைகொல்லிப் பறவையைப் பொறுத்தவரை இக்கருவிக்கு எல்லை உண்டு. தாழப் பறந்து திடீரெனத் திரும்பும் பூனைப்பருந்தைக் கனத்த கேமராவால் பின்தொடர்ந்து, கையால் குவியம் திருப்பி, வேகம் குறைந்த படச்சுருளில் பிடிப்பது அரிது. வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டம் கார்த்திகை வரை ஒளியைக் குறைத்துவிடும். தையில் வானம் தெளியும்போது காலையொளி கிடைப்பது சில நாழிகைதான். கூட்டருகே மறைவிடம் அமைத்துக் காத்திருப்பது அக்காலப் பறவைப் படக்கலையில் பரவியிருந்த வழி. ஆனால் வலசை வரும் பருந்துகள் இங்குக் கூடு கட்டுவதில்லை. எனவே குளிர்காலப் பருந்தைப் படமெடுப்பவர்க்கு அந்த வழியும் அடைபட்டுள்ளது.

இருப்பினும் கறுப்பு வெள்ளையை இங்குக் குறையாகக் கொள்ளல் பொருந்தாது. பறக்கும் பருந்தை இனங்காண நிறத்தைவிட வடிவமே உறுதியான சான்று. கரும்பருந்தின் வால் கவைபட்டது. செம்பருந்தின் வால் வட்டமாக முடிவது. பூனைப்பருந்து மிதக்கும்போது இறக்கைகளை ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் உயர்த்திப் பிடிக்கும். வானத்தை எதிர்நோக்கி எடுத்த படத்தில் நிறம் மங்கினாலும் இக்கோடுகள் மங்குவதில்லை. கேமராவுக்கு எட்டாததைக் கிருஷ்ணன் எழுதுகோலுக்குக் கொடுத்தார். அவரது பத்திகளில் ஒளிப்படத்தோடு அவர் கையால் வரைந்த கோட்டோவியங்களும் இடம்பெற்றன. இயக்கத்தைச் சொல்லும் வேலையை உரைநடை ஏற்றது. ஒளிப்படம், ஓவியம், உரைநடை என்னும் மூன்றையும் பிரித்து அவரை ஒளிப்படக் கலைஞராக மட்டும் மதிப்பிடுவது அவரது முறையைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

வேடந்தாங்கல்

சமவெளியின் குளிர்காலப் பறவை வாழ்வில் கிருஷ்ணன் கொண்ட ஈடுபாட்டுக்கு வேடந்தாங்கல் சான்று. மழை பெய்து ஏரி நிரம்பியதும் நீர்க்கடம்ப மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டத் தொடங்கும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றைக் காத்துவந்தனர். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் வழங்கிய ஆணை அவர்கள் உரிமையை ஏற்றது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. இப்பறவையகத்தைப் பற்றிக் கிருஷ்ணன் ஆராய்ந்து எழுதினார். இத்தகைய ஏரிகளில் சேற்றுப்பூனைப்பருந்து கோரையின் மேல் தாழ்ந்து வரும்போது வாத்துக்கூட்டம் முழுதும் ஒருசேர எழும். அக்காட்சியை ஒருமுறை கண்டவர்க்குச் சங்கப் பாடல்களில் பருந்தைக் கண்டு அஞ்சும் பறவைகள் வெறும் உவமையாகத் தோன்றமாட்டா.

1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆய்வு செய்தார்; அது 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக நூல்வடிவம் பெற்றது. 1970இல் பத்மஸ்ரீயும் 1995இல் ஐக்கிய நாடுகள் அவையின் ‘குளோபல் 500’ விருதும் பெற்றார்.

தமிழ் எழுத்து

ஆங்கிலமே அவருக்குச் சோறு போட்டது. அதனால் தமிழைத் துறந்தார் என்று முடிவு கட்டுதல் தவறு. பழந்தமிழ் இலக்கியத்தில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இருந்தது. தமிழ் இதழ்களில் பறவை, விலங்கு பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் புதினமும் எழுதினார். காட்டில் கண்டதைத் தமிழில் எழுதியபோது அவர் மொழிபெயர்ப்பாளரின் நிலையில் இல்லை. பெயரையும் பறவையையும் தனித்தனியே அறிந்து பின் இணைக்கும் தேவையும் அவருக்கு இருக்கவில்லை. பி. எல். சாமி 1976இல் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ வழியாகப் பாடலிலிருந்து பறவைக்குச் சென்றார். கிருஷ்ணனோ பறவையிலிருந்து சொல்லுக்கு வந்தவர். இவ்விரு வழிகளையும் ஒருங்கு வைத்து நோக்கும் ஆய்வு தமிழ்த்துறைகளில் போதிய அளவு நிகழவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கிருஷ்ணன் 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். இதழ்களில் சிதறிக் கிடந்த அவரது தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுக்க, அவை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் 2002இல் நூலாயின.