மறைக்கப்பட்ட வரலாற்றைத் தேடிய அயோத்திதாசப் பண்டிதர்

காஞ்சி மாநகரில் பிறந்து வளர்ந்த நம் இளைஞர்கள் ஏகாம்பரநாதர் கோயிலை அறிவர். வரதராசர் கோயிலை அறிவர். காமாட்சியம்மன் கோயிலையும் அறிவர். இவ்வூர் ஒரு காலத்தில் பௌத்தப் பெருநகராக விளங்கிற்று என்பதை அறிந்தோர் அவர்களுள் எத்தனை பேர்? அறவண அடிகளைத் தேடி மணிமேகலை வந்தடைந்த ஊர் இது. அளவை நூல் வல்ல திக்நாகரோடும், நாலந்தாவில் தலைமை ஆசானாக அமர்ந்த தருமபாலரோடும் தொடர்புடைய ஊர் இது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங், இங்கு 100-க்கும் மேற்பட்ட சங்காராமங்களும் 10,000-க்கும் மேற்பட்ட பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்தார். 1365-இல் சாவகத்தில் இயற்றப்பட்ட நகரகிருதாகமம் என்னும் காவியம்கூடக் காஞ்சியில் வாழ்ந்த ஒரு பௌத்தத் துறவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு நெறி, ஊராரின் நினைவிலிருந்து எங்ஙனம் அகன்றது?

விடை காண்பதற்கு முன், வரலாற்றை எழுதியவர் யாவர் என்பதைக் காணல் வேண்டும். பல்லவர் தம் செப்பேடுகளில் தம் குலத்தைப் பிரமனிடமிருந்து தொடங்கி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் வழியாகத் தம்மிடம் கொணர்ந்து முடித்தனர். ஏரி வெட்டியவனுக்கும் கல் சுமந்தவளுக்கும் அங்கே பாட்டனும் இல்லை, பூட்டனும் இல்லை. முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சியின் தெருவிலேயே நிகழ்வது. அதில் வரும் பௌத்த பிக்கு கள்ளுக்கும் பெண்ணுக்கும் ஏங்கும் வேடிக்கை மனிதன். அந்நாடகம் காபாலிகனையும் பாசுபதனையும் அவ்வாறே எள்ளுகிறது என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆயினும், எள்ளியவனின் ஏடு நமக்குக் கிடைத்திருக்கிறது. எள்ளப்பட்ட பிக்குவின் மறுமொழி கிடைக்கவில்லை.

பிற நாடுகளிலும் இதுவே நடந்தது. சீனப் பேரரசன் சின் சி ஹுவாங் கி.மு. 213-இல், தன் நாட்டு வரலாறு நீங்கலாக ஏனைய நாடுகளின் வரலாற்று ஏடுகளைத் தீயிலிட ஆணையிட்டான். 1933-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இட்லரின் ஜெர்மனியில் நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. சோவியத்து நாட்டில் ஸ்டாலினால் கொல்லப்பட்டோரின் உருவங்கள் பழைய நிழற்படங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. முன்பு நடந்தது இன்னது என்று மக்களை நம்பவைத்தவனுக்கு, இன்று நடக்க வேண்டியதை ஆணையிடுவது எளிதாகிறது. நம் நாட்டிலோ இவ்வேலைக்குத் தனியொரு கொடுங்கோலன் தேவைப்படவில்லை. சாதி என்னும் ஆட்சி, முடியும் படையும் இன்றியே, புராணத்தாலும் பழமொழியாலும் இதனைச் செய்து முடித்தது. இதைக் கண்டறிந்து, பேனாவை ஏந்தி எதிர்நின்ற முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர்.

1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்த பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி அளித்த ஆசானின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆசானுக்கு இதனினும் மேலான காணிக்கை உண்டோ! தமிழ் இலக்கண இலக்கியங்களோடு சித்த மருத்துவமும் வடமொழியும் பாலியும் பயின்றார். அவர்தம் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பணிபுரிந்தவர். திருக்குறள் ஏட்டுச் சுவடி எல்லிசு துரையின் கைக்கு எட்டியது தம் பாட்டனார் வழியாகவே என்று பண்டிதர் பதிவு செய்துள்ளார். எல்லிசின் பெயரை நூல்கள் போற்றின. கந்தப்பனின் பெயரை அவர் பேரன்தான் எழுத வேண்டியிருந்தது.

நீலகிரியில் நெடுங்காலம் வாழ்ந்த பண்டிதர், 1870-இல் அங்கு அத்துவைதானந்த சபையை நிறுவினார். 1885-இல் ஜான் ரத்தினம் பாதிரியாருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டில் சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியின் சார்பாளராகச் சென்று, நம் மக்களுக்குக் கோயிலில் நுழைய உரிமை ஏன் இல்லை என வினவினார். உங்களுக்கு மதுரை வீரனும் கருப்பண்ணனும் உண்டென்று அங்கிருந்த சாத்திரியார் ஒருவர் மறுத்துரைத்ததாகப் பண்டிதரே பின்னாளில் எழுதியுள்ளார். அம்மறுமொழியே தம் மக்களை வெளியே நிறுத்தும் வேலியாக வந்தது கண்டு அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அத்தெய்வங்கள் உங்களுடையனவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கல்வியும் தரிசு நிலமும் கேட்டார் அவர். அவ்விடத்தே அவர்தம் அறிவின் கூர்மையைக் காண்கிறோம்.

அதன்பின் பண்டிதரின் நாட்டம் பௌத்தத்தின்பால் திரும்பியது. நம் பிள்ளைகளுக்காக 1894 முதல் இலவசப் பள்ளிகளைத் திறந்துவந்த கர்னல் ஆல்காட்டுடன் 1898-இல் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் எனத் தமிழ் உழைப்பாளர் சென்ற இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தழைத்தன.

1907-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் வெளிவந்தது ஒரு பைசாத் தமிழன் வார இதழ். விலை பெயரிலேயே அடங்கியிருந்தது. ஓராண்டுக்குப் பின் தமிழன் எனப் பெயர் சுருங்கிய அவ்விதழை, 1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் மறையும் வரை பண்டிதர் விடாது நடத்தினார்.

அவ்விதழில் அவர் செய்தது என்ன? நம்மவர் தொடக்கம் முதலே இழிந்தோர் என்னும் கதையை முற்றாக மறுத்தார். பூர்வத்தில் நாம் பௌத்தர். சாதி பேதம் அற்றோர். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது அதனை விடாது பற்றியிருந்தமையாலேயே தாழ்த்தப்பட்டோம் என்று எழுதினார். இந்திரர் தேச சரித்திரம் என்னும் தொடரில், தில்லையில் தீப்புகுந்த அடியவராகவே நாம் அறிந்திருந்த நந்தனை, வேடதாரிகளின் பொய்யை வெளிப்படுத்திய மன்னனாகக் காட்டினார். தீபாவளியை எள்ளின் நெய்யைக் கண்டறிந்த நாளென்றும், கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்த நாளென்றும் விளக்கினார். குடிக்கணக்கு எடுக்கப்படுங்கால் நம்மை எப்பெயரால் பதிவது என்பதற்காக அரசோடு வாதாடினார். பிறர் நம்மீது எழுதிய பெயரை அழித்து நாமே எழுதிக்கொள்ளல் வேண்டும் என்பதே அவ்வாதத்தின் உட்பொருள்.

பண்டிதர் எழுதிய அனைத்தையும் ஆராய்ச்சியாளர் ஏற்பாரா எனில், ஏலார். இந்தியா என்னும் பெயர் ஐம்புலன் வென்ற இந்திரராகிய புத்தரின் பெயரிலிருந்து வந்தது என்றார் அவர். மொழிநூலார் சிந்து ஆற்றின் பெயரிலிருந்து என்பர். நந்த மன்னனுக்குக் கல்வெட்டுச் சான்றும் இல்லை. இதனைச் சொல்வதால் பண்டிதரின் பெருமை குறைந்துவிடும் என நம்மவருள் சிலர் அஞ்சுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் கதையைச் சான்று கேட்டு மறுத்த நாம், நமக்கு இனிக்கும் கதையைச் சான்றின்றி ஏற்போமாயின், செப்பேட்டில் பிரமனைப் பாட்டனாக்கிய மன்னர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? கையில் அரசோ பல்கலைக்கழகமோ இல்லாத ஒரு மருத்துவர், சுவடிகளையும் சொற்களையும் ஊர் வழக்குகளையும் மட்டுமே கொண்டு, எழுதப்பட்ட வரலாறு முழுவதையும் வினாவுக்கு உட்படுத்தினார். அவ்வினாக்களுள் பல இன்றும் விடை பெறவில்லை.

பண்டிதர் மறைந்தபின் அவர் பெயரும் மறைக்கப்பட்டது. தமிழன் என்றும் திராவிடர் என்றும் முழங்கிய மேடைகள் பல, அச்சொற்களை முன்னமே இதழுக்கும் இயக்கத்துக்கும் பெயராக்கியவரை நெடுங்காலம் நினைக்கவில்லை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தனர். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழுப்பேறிய தமிழன் இதழ்களைப் பேணினர். அவற்றை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. 2005-இல் நடுவண் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023-இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

பண்டிதர் மறைந்த மறு ஆண்டு, 1915-இல், கோபிநாதராவ் என்னும் கல்வெட்டறிஞர் நம் காஞ்சியில் கண்ட புத்தர் படிமங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் சில காமாட்சியம்மன் கோயிலிலேயே இருந்தவை. அங்கிருந்த ஒன்று, ஆளுயரத்தையும் மிஞ்சி நின்ற கோலத்தில், இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் இளைஞர்கள் சென்னை செல்லும்போது அதன்முன் சற்று நின்று, எவ்வூரிலிருந்து கொணர்ந்தது எனக் குறித்திருக்கும் பலகையையும் படித்து வருவார்களாக.